தாய்மாமன் கொடுத்த ரத்தம்

காலை பத்து நாற்பது. கம்பம் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கவுண்டருக்கு எதிரே பெரிய சுவர்க் கடிகாரம். பதினெட்டு வருடமாக அதைப் பார்த்தே வேலை செய்து பழகியவள் நான். உள்ளே தொலைபேசி அடித்தது. என் இளைய மகள் படிக்கும் காமயகவுண்டன்பட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து.

"சுமதிக்கு மூக்குல ரத்தம் வருதுங்க. அரை மணி நேரமா நிக்கவே இல்ல. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

வெயில் என்று நினைத்தேன். கையிலிருந்த நான்கு உறைகளுக்கு முத்திரை குத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்த நான்கு உறைகள் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

பள்ளியில் சுமதி பெஞ்சில் தலையை அண்ணாந்து படுத்திருந்தாள். ஒன்பது வயது. சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்மா, சட்ட வீணாப் போச்சு" என்றாள்.

அதற்கு மூன்று வாரம் முன்பே அவள் தொடையிலும் முழங்கையிலும் நீலம் பாய்ந்திருந்தது. அக்கா தங்கைச் சண்டை என்று நினைத்து, மூத்தவள் வசந்தியைத் திட்டினேன். வசந்தி, "நான் அவளத் தொடவே இல்லம்மா" என்று அழுதாள். நான் நம்பவில்லை. இதைப் படிக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும், அடிபடாமல் நீலம் தெரிந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், பிள்ளை காரணமில்லாமல் வெளுத்துக்கொண்டே போனால், அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எங்களைப் போல வெயிலையும் சண்டையையும் காரணமாக்காதீர்கள்.

உள்ளூர் மருத்துவர் மூக்கில் பஞ்சு அடைத்துவிட்டு, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு மதுரைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "இன்னைக்கேவா?" என்று என் கணவர் கேட்டார். அவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே கைலியோடு ஓடி வந்திருந்தார். "இப்பவே" என்றார் மருத்துவர்.

மதுரையில் நாங்கள் போன மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே எல்லோரும் எங்களுக்கு நல்லதே செய்தார்கள்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை (எலும்புக்குள் இருக்கும் கூழ், ரத்தம் அங்கேதான் உற்பத்தியாகிறது) எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் முடிவு வந்தது. அப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை வற்றிப்போகும் நோய்). புற்றுநோய் இல்லை என்றார் மருத்துவர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கும்பிடை ஏற்றுக்கொள்ளாமல் மேசையைப் பார்த்தார்.

"எலும்புக்குள்ள வெறும் கொழுப்புதாம்மா இருக்கு. ரத்தம் ஊறல. ஊறுற வரைக்கும் நாமதான் வெளியில இருந்து ஏத்தணும். ஆள் ஏற்பாடு பண்ணுங்க."

ஆள் ஏற்பாடு என்ற சொல் எங்கள் வீட்டுக்கு ஒரு சவால்போல இருந்தது. என் கணவருடன் பிறந்தவர்கள் நான்கு பேர். எனக்கு ஒரே அண்ணன், தங்கராசு. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளைச் சேர்த்தால் ஒரு டவுன் பஸ் நிரம்பும். மறுநாள் காலை அப்படித்தான் வந்து இறங்கினார்கள்.

ரத்த வங்கி வாசலில் என் கொழுந்தன் முருகேசன் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சட்டைக் கையை மடித்தான்.

"மொத ஆளா என் பேர எழுதிக்கங்க" என்றான் ஊழியரிடம்.

"ஏலே மாப்ள, தள்ளி நில்லு" என்று என் அண்ணன் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "தாய்மாமன் நான் இங்கன நிக்கிறேன். நீ எப்படிடா மொத ஆளு? காது குத்தையில பிள்ள யாரு மடியில உக்காந்துச்சு?"

"காது குத்துக்கு மடி போதும் மச்சான். இதுக்கு ரத்தம் வேணும். ஒங்க ஒடம்புல ஓடுறது ரத்தமா? வெறும் காப்பியில்ல ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊழியர் எரிச்சலோடு, "மொத ஆளுக்கும் அதே ஊசிதான், கடைசி ஆளுக்கும் அதே ஊசிதான். சத்தம் போடாம வாங்க" என்றார்.

முறை என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. கடைசியில் என் கணவரே, "மச்சானே மொதல்ல குடுக்கட்டும். அதுதான் மொற" என்று தீர்ப்புச் சொன்னார். முதல் பாட்டில் தாய்மாமனுடையது. இரண்டாவது முருகேசனுடையது. மூன்றாவது என்னுடையது. நான்காவது அவள் அப்பாவுடையது. தாய்மாமன் சீர் கொடுத்தபின் பங்காளிகள் வரிசையில் வருவதுபோல ரத்தமும் முறைப்படி போனது.

அன்று பிற்பகல் இன்னொரு காட்சி நடந்தது. தேனி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த சாமுவேல் அண்ணாச்சி நான்கு இளைஞர்களோடு வந்து சேர்ந்தார். அவருடைய சபைப் பையன்களும் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். யாருக்கு ரத்தம் வேண்டுமென்று கேள்விப்பட்டாலும் ஆள் அனுப்புவார்கள். என்னுடன் வேலை பார்ப்பவர் மூலம் அவருக்குச் செய்தி போயிருந்தது.

என் கணவர் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒங்க நல்ல மனசுக்குக் கும்பிடு அண்ணாச்சி. ஆனா எங்க பிள்ளைக்கு நாங்க இத்தன பேரு இருக்கோம். ஆளில்லாதவுகளுக்கு இந்தத் தம்பிக குடுக்கட்டும்."

என் அண்ணன் என் காதருகே, "யாரு எவரு ரத்தமோ" என்றார். எனக்குள்ளும் அதே எண்ணம்தான் ஓடியது. யாரு என்ற அந்தக் கேள்விக்குள் என்ன சாதி என்ற கேள்வியும் இருந்தது. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாததை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணாச்சிக்குப் புரிந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை. "பிள்ள நல்லா இருக்கட்டும்மா. எப்பயாச்சும் வேணும்னா ஒரு கார்டு போடுங்க" என்றார். வந்த பையன்களுக்கு நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

நான்கு மாதம் இப்படிப் போனது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மதுரை. ஒவ்வொரு முறையும் சொந்தத்தில் யாராவது. பதினோரு பாட்டில் ஏற்றியபிறகும் சுமதியின் மஜ்ஜை ஊறவில்லை. ரத்தம் ஏற்றிய இரண்டு நாள் கன்னம் சிவக்கும், பாண்டி ஆடுவாள். பிறகு மறுபடியும் உதடு வெளுக்கும். கடைசி இரண்டு முறை ரத்தம் ஏறும்போதே குளிரும் காய்ச்சலும் வந்தன. அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மதுரை மருத்துவர்தான் ஒரு நாள் சொன்னார். வடக்கே ஒரு மிஷன் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை (நல்ல மஜ்ஜையை வேறொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்துவது) தொடங்கியிருக்கிறார்கள். அங்கே வசதியில்லாத குழந்தைகளுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழி உண்டு. என் சம்பளத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் சேர்த்துப் போட்டாலும் எட்டாத சிகிச்சை அது. கடிதம் எழுதினோம். வரச்சொல்லிப் பதில் வந்தது.

அந்த மருத்துவமனையின் நடைகூடத்தில் சின்னச் சின்ன நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மொட்டைத் தலைக் குழந்தைகள் அவற்றில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். சுமதி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இவுகளும் வீரபாண்டிக் கோயில்ல மொட்ட போட்டாகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எங்களைப் பார்த்த மருத்துவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சுமதியின் காகிதங்களைப் புரட்டியபடி, "இதுவரைக்கும் ரத்தம் யார் யார் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

எங்கள் பிள்ளையை நாங்கள் அநாதையாக விட்டுவிடவில்லை என்பதைக் காட்டக் கிடைத்த வாய்ப்பாக நான் அதை எடுத்துக்கொண்டேன். முதலில் தாய்மாமன், அடுத்து சித்தப்பா, மூன்றாவது நான், நான்காவது அவள் அப்பா என்று வரிசையாகச் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லும்போது அவருடைய பேனா நின்றுவிட்டதைக் கவனித்தேன். ஆனாலும் பதினொன்று வரை சொல்லி முடித்தேன்.

"வெளியாட்கள் ஒருத்தர்கூட இல்லையா?"

"இல்லைங்க. ஒருத்தர்கூட இல்லை" என்றேன். அப்போதும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தாளில் ஒரு வட்டம் போட்டுப் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொருவரின் ரத்த அணுவிலும் அந்தக் குடும்பத்துக்கென்று சில அடையாளங்கள் உண்டு. அந்த அணுக்களைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் பிள்ளையின் உடம்பு அந்த அடையாளங்களை எதிரியாகப் பழகிக்கொள்ளும். பிறகு அதே குடும்பத்து அக்காவின் மஜ்ஜை உள்ளே வரும்போது, பழகிய எதிரி என்று அதை விரட்டப் பார்க்கும். மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்று தெரிந்த பிள்ளைக்குச் சொந்தக்காரர் ரத்தம் மட்டும் ஏற்றக் கூடாது. அதிலும் அம்மா, அப்பா ரத்தம் கூடவே கூடாது.

"யாரும் எங்களுக்குச் சொல்லலைங்களே."

"இது புதுசா வர்ற சிகிச்சை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்ல முடியாது. நீங்க அன்பாத்தான் செஞ்சீங்க" என்றார்.

என் கணவர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். நான் என் முழங்கை மடிப்பைப் பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் தழும்புகூட இல்லை.

வசந்திக்குத் திசு ஒப்பீட்டுச் சோதனை (இருவரின் உடல் அடையாளங்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) செய்தார்கள். முழுதாகப் பொருந்தியது. நாங்கள் ஏற்றிய ரத்தத்தால் வாய்ப்பு குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. இதைத்தான் மருத்துவர் சொன்னார். நாங்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பதின்மூன்று வயது வசந்தி மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எடுத்தது எனக்குத் திரும்ப வருமா?"

"ஊறிடும். கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும். உட்கார்ந்தா மட்டும் சில நாள் வலிக்கும்."

"கெணறு மாதிரியா?"

"கிணறு மாதிரியேதான்."

"அப்ப எடுத்துக்கங்க" என்றாள்.

நிதியைப் பார்த்துக்கொள்ளும் சமூகப் பணியாளர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். தனி அறை, மருந்து, பரிசோதனை எல்லாவற்றையும் நிதி ஏற்றுக்கொள்ளும். முகம் தெரியாத பலர் அனுப்பிய காசு அது என்றார். பிறகு, "ரத்தத்தை மட்டும் எங்களால வாங்கித் தர முடியாது. அது மனுஷங்கதான் வந்து கொடுக்கணும். அதுவும் உங்க சொந்தமா இருக்கக் கூடாது" என்றார். சிவப்பணுக்கள் மட்டும் போதாது. தட்டணுக்களும் (ரத்தம் உறைய உதவுபவை) வேண்டும். அவை சில நாளுக்கு மேல் தாங்காது என்பதால் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே பட்டியல் நாங்கள் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிய பட்டியல்தான்.

பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போனேன். முதலில் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை மூன்று தாளில் கெடுத்துவிட்டு, தந்திப் படிவத்தை எடுத்தேன். பி பாசிட்டிவ், உறவினர் அல்லாதோர், உடனே. தந்தியில் மன்னிப்புக்கு இடமில்லை என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை அண்ணாச்சியே ஒன்பது பேரோடு வந்து நின்றார். லாரி லோடுமேன் வீரணன், ஒரு தையல்காரர், ஒரு கத்தோலிக்கப் பள்ளி வாத்தியார், மற்றவர்கள் கடைப் பையன்கள். மதுரைக்கு வந்த நான்கு இளைஞர்களில் இரண்டு பேர் அவர்களில் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நாங்க..." என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் அங்கனயே விட்டுட்டுத்தாம்மா வந்தோம். எங்கன போய்க் கையக் கழுவணும், அதச் சொல்லுங்க" என்றார்.

ரத்த வங்கியில் ஒவ்வொருவரிடமும், "குழந்தைக்கு நீங்க உறவா?" என்று செவிலியர் கேட்டு எழுதிக்கொண்டார். சிறிது நேரத்தில் வீரணன் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி என்னிடம் வந்தார்.

"என்னாம்மா, என்னய வேணாண்டாக?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒறவான்னு கேட்டாக. நமக்கு ஒரே பக்கம், பிள்ளைக்கு மாமா முறைன்னு சொன்னேன்."

அவரை அழைத்துக்கொண்டு ஓடினேன். செவிலியர் நம்ப மறுத்தார். இருவர் சாதியும் வேறு, ஊரும் வேறு, இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. வீரணன் நடுவில் புகுந்து, "தாயி, வாய்க்கு மாமன்தான். ரத்தத்துக்கு நான் யாரோ எவரோ" என்று சத்தியம் செய்தார். செவிலியர் சிரித்துவிட்டார். அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த மருத்துவமனையில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நடைகூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சொந்தக்காரர் ரத்தம் ஏன் கூடாது என்று என் கணவர் அவருக்கு விளக்கியிருந்தார். கேட்டுவிட்டு, "அப்ப நான் அடிச்சுப்பிடிச்சு மொதல்ல குடுத்தது?" என்றார். அதன்பின் அவர் ஊருக்குப் போகவில்லை. மருத்துவமனைக்கு எதிரே ஒரு தாழ்வாரத்தில் அடுப்பு வைத்து, ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டார். சாதம் போடும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் நாட்களை வேறு விதமாக எண்ணுகிறார்கள். மஜ்ஜை செலுத்தும் நாள் பூஜ்யம். அதற்கு முந்தைய நாட்கள் கழித்தல், பிந்தைய நாட்கள் கூட்டல். கழித்தல் ஐந்திலிருந்து நான்கு நாள், பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். சுமதி பச்சைத் தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் வாந்தியெடுத்தாள். தனி அறை. நான் முகமூடியும் கையுறையும் அங்கியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடியும். என் கணவர் கண்ணாடிக்கு வெளியே. என் அண்ணன் ஊரிலிருந்து வரவழைத்த வீரபாண்டித் திருநீற்றை உள்ளே விடவில்லை. ஒரு செவிலியர் அந்தப் பொட்டலத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டார்.

பூஜ்யம் நாள் வசந்தியை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, கருஞ்சிவப்பாக ஒரு பை வந்தது. சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோலவே கையின் வழியாக அதை ஏற்றினார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது. எலும்புக்குள் போய்ச் சேரும் வழி அதற்கே தெரியும் என்றார் மருத்துவர்.

சுமதி பையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்காவோடது உள்ள வந்தா, அக்கா மாதிரி நானும் கணக்குல பெயிலாயிருவனாம்மா?" என்றாள்.

அதை நான் வசந்தியிடம் போய்ச் சொன்னேன். குப்புறப் படுத்திருந்தவள், "பெயிலானா என்ன, எந்திரிச்சு வரச் சொல்லு" என்றாள்.

கூட்டல் பதினான்கில் வெள்ளை அணுக்கள் (கிருமியை எதிர்ப்பவை) கொஞ்சம் தென்பட்டன. பதினேழில் இரண்டு மடங்காயின. இருபதில் மருத்துவர் அறைக்குள் வந்து, முகமூடிக்கு மேலே கண் சுருங்கச் சிரித்தார். என் கணவர் கண்ணாடிக்கு அப்பால் ஒவ்வொரு விரலாக மடக்கி என்னிடம் எண்ணிக்கை கேட்பார். நான் விரலால் பதில் சொல்வேன். சுமதி கோதுமைக் கஞ்சி கேட்டுக் குடித்தாள். வீட்டுக்குப் போனதும் யார் கட்டிலில் யார் படுப்பது என்று கண்ணாடி வழியாக அக்காவிடம் சைகையில் சண்டை போட்டாள்.

கூட்டல் இருபத்தாறில் எண்ணிக்கை இறங்கியது. எந்திரத்தின் பிழையாக இருக்கலாம் என்று மறுபடி எடுத்தார்கள். பிழையில்லை. இருபத்தெட்டில் இன்னும் இறங்கியது.

மருத்துவர் எங்களைத் தனியாக அழைத்தார். "ஒட்டல. முதல்ல பிடிச்சது. இப்ப அவ உடம்பு தள்ளிவிடுது" என்றார். மறுபடி ஒரு முறை செய்து பார்க்கலாம், ஆனால் இப்போது வந்திருக்கும் காய்ச்சல் முதலில் அடங்க வேண்டும் என்றார்.

நான் கேட்டேன். "நாங்க குடுத்த ரத்தத்தாலயா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அது ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வெளியாட்கள் ரத்தம் மட்டுமே ஏத்தின பிள்ளைகளுக்கும் இப்படி ஆயிருக்கு. உங்ககிட்ட உறுதியா எதையும் சொல்ல எனக்குத் தெரியல" என்றார்.

வசந்தியிடம் இரண்டாம் முறை பற்றி நான் கேட்பதற்கு முன்பே, அவள் தலைமுடியைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். காய்ச்சல் அடங்கவில்லை. பூஞ்சைக் கிருமி நுரையீரலில் இறங்கிவிட்டது. கூட்டல் முப்பத்து மூன்றாம் நாள் பிற்பகல் நான்கு பத்துக்குச் சுமதி போய்விட்டாள். அவள் கை கையுறை போட்ட என் கைக்குள் இருந்தது. கடைசி முப்பத்தெட்டு நாளில் அவளை நான் வெறுங்கையால் தொடவில்லை. செவிலியர்தான் மெதுவாக, "இப்ப கழட்டிக்கலாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிறது. அந்த நிதியைச் சேர்ந்தவர்கள், இனி வரும் பெற்றோருக்காக எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பிழைத்த பிள்ளையின் பெற்றோரிடம் கேளுங்களேன் என்றேன். அவர்களிடமும் கேட்டிருக்கிறோம் என்றார்கள். ஆம், பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுமதிக்கு அடுத்த அறையில் இருந்தவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதையும் இங்கே எழுதியாக வேண்டும். ஆகவே இதைப் படித்துவிட்டுச் சிகிச்சையை விட்டு ஓடாதீர்கள். சொந்தக்காரர் கை நீட்டும்போது மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முகம் தெரியாதவர் கை நீட்டினால் தட்டிவிடாதீர்கள்.

வசந்தி ஒரு வருடம் வரை, "என்னோடதுதான் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினான்காம் நாள் வந்த அணுக்கள் எல்லாம் உன்னுடையவைதான் என்று மருத்துவர் அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். அதைப் படித்தாள். நம்பினாளா என்று தெரியாது. உட்காரும்போது இன்றும் இடுப்பைக் கொஞ்சம் சாய்த்துத்தான் உட்காருகிறாள். வலிக்கவில்லை என்கிறாள்.

என் உடம்பு எனக்கு அந்நியமாகிவிட்டது. கையில் நரம்பு புடைத்துத் தெரிந்தால் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறேன். டவுன் பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, இவர்களில் யார் என்ன பிரிவு, யாருக்கு யார் பொருந்துவார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. காலையில் தபால் முத்திரையின் தேதியைத் திருகி மாற்றும்போது, எனக்குள் இன்னொரு எண்ணும் மாறுகிறது. ஊருக்கெல்லாம் ஒரு தேதி. எனக்குக் கூட்டல் எழுநூற்றுச் சொச்சம். பூஜ்யத்துக்கு முன்னால் இருந்த முப்பத்தொன்பது வருடங்களும் கழித்தலில் இருக்கின்றன. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அந்தப் பிற்பகலை நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

மணி ஐந்தை நெருங்கியிருக்கும். சுமதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் காகிதங்களில் கையெழுத்துப் போடப் போயிருந்தார். நானும் அண்ணனும் நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். தோளில் துணிப்பை, கையில் அண்ணாச்சி எழுதிக் கொடுத்த சீட்டு. போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலை; பெயர் செல்லத்தாய். அன்று முறை அவருடையது. எனக்கு மறந்தே போயிருந்தது.

"சுமதிங்கிற பிள்ளைக்கு ரத்தம் குடுக்கணும்னு அண்ணாச்சி சொன்னாக. காலையிலயே வந்திருப்பேன்மா. திண்டுக்கல்லத் தாண்டி பஸ்ஸு நின்னுபோச்சு. அதான் நேரமாயிருச்சு" என்றார். பேசிக்கொண்டே வளையல்களை மேலே ஏற்றினார். "நல்லாச் சாப்ட்டுத்தான் வந்தேன். எங்கன படுக்கணும்?"

என் அண்ணன்தான் எழுந்தார். அறைப் பக்கம் கையைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார்.

செல்லத்தாய்க்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கையுறையில்லாத என் கையை அன்று வெளியாள் தொட்டது அதுதான் முதல். எதிரே சின்ன நாற்காலியில் ஒரு பையன் படம் வரைந்துகொண்டிருந்தான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் அண்ணனிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வந்தது வந்துட்டேன்ணே. இங்கன வேற பிள்ளைக இருக்குமில்ல? அதுகள்ல யாருக்காச்சும் எடுத்துக்கச் சொல்லுங்க."